கணு மரத்துக்கு ஒரு பிளேடு

நுகாயா மர மில், கிட்டமி
1987 அக்டோபர் 9

எய்கிச்சிக்கு,

இலையுதிரும் இந்த நாட்களில் உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று ஆரம்பிக்க வேண்டும். ஆரம்பித்தாயிற்று என்று வைத்துக்கொள். அப்பா சாவுக்கு வந்து, ஊதுபத்தி ஏற்றிவிட்டு, ஒரு வாய் சோறுகூடத் தொடாமல் அடுத்த ரயிலைப் பிடித்துப் போன தம்பிக்கு இதற்கு மேல் உபசாரம் செய்ய எனக்கு வரவில்லை.

உன்னிடம் ஒரு யோசனை கேட்கத்தான் எழுதுகிறேன். மில்லில் பலகை நேராக வர மாட்டேன் என்கிறது. மலைச்சரிவில் அப்பா நட்ட கராமட்சு மரங்களைத்தான் இப்போது அறுக்கிறோம். சுரங்கத்துக்கு முட்டுக்கால் கொடுக்கலாம் என்று நட்டார். சுரங்கங்களை ஒவ்வொன்றாக மூடிவிட்டார்கள். அப்புறம் கிளை கழிக்க யார் ஏறுவார்கள்? மரத்துக்கு மரம் உடம்பெல்லாம் கணு, போதாததற்குப் பிசின். வெங்காயப் பெட்டிக்குத் தவிர எதற்கும் ஆகாது. அந்தப் பலகையையும் பெட்டிக்காரர் இப்போது வந்த லாரியிலேயே திருப்பி அனுப்புகிறார். கணு வரும் இடத்தில் பிளேடு விலகிப் போகிறது. பலகை ஒரு பக்கம் தடிப்பாகவும் ஒரு பக்கம் மெலிசாகவும் அலை அலையாக வருகிறது. ஆணி அடித்தால் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது.

போன் பண்ணியிருக்கலாம். போன் இருப்பது மில் அறையில், உன் அத்தான் மொரியோ உட்காரும் முக்காலிக்குப் பக்கத்தில். அவர் காதுபட இதைப் பேச முடியாது. நீ போன பிறகு ரம்பப் பல் தீட்டும் அறை என் தலையில் விழுந்தது உனக்குத் தெரியும். நான் தீட்டியதில்தான் கோளாறு என்று அவர் ஒரு வார்த்தை கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். நானே போய்க் கேட்டேன். அவர் கையுறையைக் கழற்றி, உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நீ தீட்டினதுல ஒரு கொறையும் இல்ல. என் கைதான் போயிடுச்சு" என்றார்.

இதை ஏன் உனக்கு எழுதுகிறேன் என்று உனக்கே புரியும். சொந்த மகன் நீ இருக்கும்போது, வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தவரை மகனாக எழுதிக்கொண்டு, நம் குடும்பப் பேரையும் மில்லையும் அப்பா அவருக்குக் கொடுத்தது மரம் அறுக்கும் அந்தக் கைக்காக. அதில் உனக்கு ஆறாத புண் இருக்கிறது, நான் கிளறவில்லை. ஆனால் அந்தக் கை போய்விட்டது என்று அந்த மனிதர் முடிவு கட்டிவிட்டால், இந்த வீட்டில் அவர் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பார்?

நீ அங்கே தெற்கில் பெரிய மில்லில் ரம்பங்களுக்கு வைத்தியம் பார்ப்பவன். கணு மரத்துக்கு எந்த பிளேடு வாங்க வேண்டும் என்று எழுது. வேறொன்றும் கேட்கவில்லை.

ஹட்சுயே


ஹிதா
1987 அக்டோபர் 20

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. நான் சாப்பிடாமல் போனதை இத்தனை நாள் நினைவு வைத்திருக்கிறாய். சாப்பாடு நன்றாக இருந்திருக்கும், அது இல்லை காரணம்.

உங்கள் மில் விஷயத்தில் வாயைத் திறப்பதில்லை என்று நான் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்டது பிளேடு பற்றி என்பதால் சொல்கிறேன்.

அப்பாவின் மெல்லிய பிளேடைத்தான் இன்னும் ஓட்டுகிறீர்கள், இல்லையா? மரத்தூள் அதிகம் போகக் கூடாது, ஒரு மரத்துக்கு ஒரு பலகையாவது கூடுதலாக வர வேண்டும் என்று உயிரை விடுவார். கணு இல்லாத மரத்தில் அந்தக் கஞ்சத்தனம் செல்லும். கராமட்சுவின் செத்த கணு இருக்கிறதே, கிளை காய்ந்துபோன பிறகு மரம் சுற்றி வளர்ந்து விழுங்கியது, அது கருங்கல் மாதிரி. சுற்றிலும் இருக்கும் மரம் வெண்ணெய் மாதிரி. மெல்லிய பிளேடு எந்தப் பக்கம் சுலபமோ அந்தப் பக்கம் போகும். நாம் எல்லோரும் அப்படித்தானே.

ஒரு சுற்று தடித்த பிளேடு வாங்கு. ரொம்பத் தடிப்பாகப் போகாதே. பிளேடு சுற்றி ஓடும் நம் சக்கரம், உங்கள் சக்கரம், சின்னது. தடித்த இரும்பை அதில் வளைத்து வளைத்து ஓட்டினால் முதுகில் விரிசல் விடும். பல்லின் சாய்வைக் குறைத்துத் தீட்டு. பல் முன்னால் கொக்கிபோல் வளைந்திருந்தால் மென்மரத்தைக் கவ்வி இழுக்கும், கணுவையும் அப்படியே கவ்வப் பார்த்துத் தடுமாறும். கொஞ்சம் நிமிர்ந்த பல் சுரண்டிக்கொண்டு போகும், வேகம் குறையும், பரவாயில்லை. பிசின் ஒட்டாமல் இருக்கத் தண்ணீரில் சோப்பு கலந்து சொட்ட விடு. பல் மழுங்கும் முன்னாலேயே மாற்று. சாப்பாட்டு வேளை வரை இழுத்துப் பிடிக்கும் பழக்கம் அந்த மில்லில் உண்டு, அதை விடச் சொல்.

ஓட்டிக் கழற்றிய பிளேடு ஒன்றைத் துடைக்காமல் அப்படியே சுருட்டி எனக்கு அனுப்பு. பார்த்தால்தான் சொல்ல முடியும்.

உன் வீட்டுக்காரர் கையைப் பற்றி நான் எதுவும் சொல்வதற்கில்லை.

எய்கிச்சி


கிட்டமி
1987 நவம்பர் 5

எய்கிச்சிக்கு,

"நம்" என்பதை அடித்து "உங்கள் சக்கரம்" என்று திருத்தி எழுதியிருந்ததைப் பார்த்தேன். அடிக்காமலே விட்டிருக்கலாம். கல்லுப்போல இருப்பது கணு மட்டும் இல்லை.

தடித்த பிளேடு வந்தது. நீ சொன்னபடி பல்லை நிமிர்த்தித் தீட்டினேன். முதல் நாள் காலையில் பலகை நேராக வந்தது. மொரியோ ஒவ்வொரு பலகையையும் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். மத்தியானம் சோறு இரண்டாவது கிண்ணம் கேட்டார். நான் அசட்டுத்தனமாக மீன் வாங்கிவந்து சுட்டேன். மறுநாள் சாயங்காலத்துக்குள் பழையபடி அலை அடிக்க ஆரம்பித்துவிட்டது. புதிதாக இன்னொரு பிளேடு மாட்டினோம். அதுவும் அதே கதை, முதலில் ஒழுங்கு, அப்புறம் அலை.

இப்போது அவர் எல்லோரும் சாப்பிடப் போன பிறகு தனியாக, மரத்தைப் பிளேடுக்குத் தள்ளும் மரவண்டியில் ஏறி நின்று, மிஷினை ஓட்டாமல், வண்டியை மட்டும் முன்னும் பின்னும் தள்ளிப் பார்க்கிறார். கை எங்கே நடுங்குகிறது என்று கண்டுபிடிக்கிறாராம். நான் மரக்குவியலுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். கை நடுங்கவே இல்லை எய்கிச்சி. நான் சத்தியம் செய்வேன்.

பெட்டிக்காரர் வந்திருந்தார். நல்ல மனிதர்தான், குரலைக்கூட உயர்த்தவில்லை. வயசானால் எல்லோருக்கும் வருவதுதானே என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார். மொரியோ வாசல்வரை போய்க் குனிந்து வழியனுப்பிவிட்டு வந்து என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"உங்கப்பா எனக்குப் பேரு குடுத்தாரு, மில்லு குடுத்தாரு. நான் பதிலுக்குக் குடுத்தது இந்தக் கையைத்தான். இது போச்சுன்னா நான் இங்க யாரு?"

என் புருஷன் என்று சொன்னேன். அது பதிலே இல்லை என்பதுபோல் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

நீ கேட்ட பிளேடைச் சாக்கில் சுற்றி லாரியில் போட்டிருக்கிறேன். துடைக்கவில்லை. பார்த்துவிட்டு உடனே எழுது. எதுவானாலும் எழுது.

ஹட்சுயே


ஹிதா
1987 நவம்பர் 22

அக்காவுக்கு,

பிளேடு வந்து சேர்ந்தது. தீட்டும் மேஜையில் விரித்துப் போட்டு மத்தியானம் முழுக்கப் பார்த்தேன். என்னோடு வேலை செய்பவர்கள், யாருடைய கை இது, சுத்தமாகத் தீட்டியிருக்கிறதே என்று கேட்டார்கள். என் அக்கா என்றேன். நம்பவில்லை.

தீட்டியதில் குறை இல்லை. பல் ஒரே உயரம், சாய்வும் சரி. செத்த கணுவில் மோதி நுனிகள் உருண்டிருக்கின்றன, அது இந்த மரத்தில் சகஜம்.

ஒன்று செய்யலாம். பல் நுனியில் கடின உலோகம் பற்றவைத்த பிளேடுகள் இப்போது வருகின்றன. கணுவுக்கு அதைவிட நல்லது கிடையாது. இங்கே இரண்டு எடுத்து நானே பல் பிடித்துத் தீட்டி, பிளேடின் முதுகை உருளையில் கொடுத்து இழுவையும் சரி பார்த்து அனுப்புகிறேன். கட்டணம் பற்றிப் பேச்சு எடுத்தால் திருப்பி அனுப்பச் சொல்லிவிடுவேன். மாட்டும்போது இறுக்கத்தைக் கொஞ்சம் கூட்டி வை. கணு தெரிகிற பக்கத்தை வெளிப்பக்கமாகத் திருப்பி வைத்து அறுத்துப் பார்க்கச் சொல். கணு அடர்ந்த மரங்களைத் தனியாகப் பிரித்து, பிளேடு புதிதாக இருக்கும் காலை வேளையில் அறுத்துவிடுங்கள். வழிகாட்டிக் கட்டைகளைப் பிளேடுக்கு இன்னும் நெருக்கமாகக் கொண்டுவாருங்கள்.

மேல் சக்கரத்தின் விளிம்பைக் கடைசியாக எப்போது கடைந்து மட்டமாக்கினார்கள் என்று உனக்கு நினைவிருக்கிறதா? அப்பா காலத்திலா? இல்லை, விடு, சும்மா கேட்டேன். பிளேடை முதலில் மாட்டிப் பாருங்கள்.

குளிர் ஆரம்பித்திருக்கும். அந்தத் தீட்டும் அறையில் அடுப்பு புகையும். ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொள்.

எய்கிச்சி


கிட்டமி
1987 டிசம்பர் 13

எய்கிச்சிக்கு,

சக்கரம் பற்றிக் கேட்டிருந்தாய். அப்பா இரண்டு முறை ஆள் கூப்பிட்டுக் கடைந்தார் என்று ஞாபகம். மூன்றோ என்னவோ. அதற்கும் இதற்கும் என்ன?

உன் பிளேடுகள் வந்தன. நீ அனுப்பியது என்று நான் சொல்லவில்லை. தெற்கிலிருந்து ஒரு வியாபாரி மாதிரிக்கு அனுப்பினார் என்று புளுகினேன். மொரியோ பெட்டியைத் திறந்தார். விரலைப் பல்வரிசை மேல் வைக்காமல், கொஞ்சம் தள்ளி, காற்றில் வைத்து ஓட்டினார். பிறகு தொப்பியைக் கழற்றிவிட்டுப் பெட்டிக்கு முன்னால் தலை குனிந்தார்.

"எய்கிச்சி பல்லு பிடிச்சது இது. எனக்குத் தெரியாதா?"

கோபப்படுவார் என்று நினைத்தேன். இல்லை. அவன் எவ்வளவு பெரிய மனசு வைத்து அனுப்பியிருக்கிறான் என்று கண் கலங்கினார். அன்றே மாட்டினார். குளித்துவிட்டு வந்தவர் மாதிரி ஒரு சுத்தமான முகத்தோடு வண்டியில் ஏறி நின்றார். உன் பிளேடு கணுவில் போகும்போது சத்தமே வேறு. எனக்கே நெஞ்சு நிறைந்தது.

எத்தனை நாள் என்று எழுத மனமில்லை. பலகை மறுபடி அலை அடித்தது.

இதுவரைக்கும் அவருக்கு ஒரு சந்தேகமாவது மிச்சம் இருந்தது. பிளேடு மட்டமோ, நான் தீட்டியது சரியில்லையோ என்று மனசின் ஒரு ஓரத்தில் ஒதுங்கி நிற்க ஒரு இடம் இருந்தது. அதையும் நீ இவ்வளவு நன்றாகப் பல் பிடித்துப் பறித்துவிட்டாய். உன்னைத் திட்டவில்லை. ஆனால் நடந்தது அதுதான். "நாட்டுலயே நல்ல பல்லு போட்டும் வளையுதுன்னா, இனிமே சாக்கு சொல்ல எனக்கு ஒண்ணும் இல்ல" என்றார்.

மரம் உறைய ஆரம்பித்துவிட்டது. கையுறை போட்டால் மரத்தின் அதிர்வு தெரியவில்லை என்று கழற்றிவிட்டு வெறுங்கையோடு நிற்கிறார். விரல் நுனி வெடித்து ரத்தம் கட்டுகிறது. சொன்னால் கேட்பதில்லை. உறைந்த கணு மரத்துக்கு வேறு பிளேடு உண்டா? இருந்தால் சொல்.

ஹட்சுயே


ஹிதா
1987 டிசம்பர் 25

அக்காவுக்கு,

உறைந்த மரத்துக்குப் பல்லின் அகலத்தைக் குறைக்க வேண்டும். தூள் மாவாக வரும், அகலம் அதிகமானால் அது பக்கத்தில் சிந்தி மறுபடி உறைந்து பிளேடைத் தள்ளும். சாய்வையும் இன்னும் குறைக்கலாம். இதெல்லாம் உனக்கே தெரியும்.

புது வருஷம் வருகிறது. கொஞ்ச நாள் மிஷினை நிறுத்தி வையுங்கள். எல்லோரும் நிறுத்துகிற நாள்தானே, அதைக் கொஞ்சம் நீட்டினால் என்ன? அவரை வெந்நீர் ஊற்று எதற்காவது கூட்டிப் போ. வசந்தத்தில் மரம் இளகியதும் பார்த்துக்கொள்ளலாம்.

அவர் கையில் குறை இல்லை என்று சொல். நான் சொன்னதாகச் சொல். அதை மட்டும் உறுதியாகச் சொல்.

எய்கிச்சி


கிட்டமி
1988 ஜனவரி 18

எய்கிச்சிக்கு,

உனக்கு இதை எழுத உட்கார்ந்து மூன்று தாளைக் கிழித்துப் போட்டேன். நான்காவதில் மரியாதை கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும்.

முதலில் புது வருஷத்து முதல் அறுப்பைச் சொல்கிறேன். வழக்கம்போல் நல்ல மரமாக ஒன்று எடுத்து வைத்து, மிஷினுக்குச் சாகே மது ஊற்றி, அக்கம்பக்கத்து மில்காரர்கள் எல்லோரும் கைதட்டிக் கும்பிட்டார்கள். முதல் பலகையை வீட்டுச் சாமி மாடத்தில் வைப்போம், உனக்குத் தெரியும். மொரியோ அறுத்தார். பலகை விழுந்தது. எல்லோரும் பார்த்தார்கள். பார்க்காதது மாதிரி உடனே சாகேயைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். அவர் வண்டியிலிருந்து இறங்கினார். கையுறைகளை ஒன்றின்மேல் ஒன்றாக மடித்து வண்டிமேல் வைத்தார். என்னைப் பார்த்துக் குனிந்தார். அந்நியரிடம் குனிவதுபோல் குனிந்தார். அதற்குப் பிறகு மில்லுக்குள் கால் வைக்கவில்லை.

போன வாரம் மோட்டாரில் சத்தம் என்று ஆள் கூப்பிட்டேன். வந்தவன் மூடியைத் திறந்து, மேல் சக்கரத்தின் விளிம்பில் இரும்பு அளவுகோல் ஒன்றைக் குறுக்கே வைத்தான். அடியில் வெளிச்சம் தெரிந்தது. விளிம்பு நடுவில் தேய்ந்து குழிந்துபோயிருக்கிறது. பிளேடு இரண்டு ஓரத்தில் மட்டும் உட்கார்ந்து ஓடுகிறது, நடுவில் பிடிமானம் இல்லை. கணு வந்தால் எங்கே போவது என்று தெரியாமல் அலைகிறது. புது பிளேடு அதன் விறைப்பில் கொஞ்ச நேரம் தாங்கும், அப்புறம் தளர்ந்துவிடும். இந்தச் சக்கரத்தில் எந்த ராஜா பிளேடு போட்டாலும் இப்படித்தான் என்றான். விளிம்பில் மயிரிழை விரிசலும் இருக்கிறது. ஏற்கெனவே கடைந்து கடைந்து மெலிந்ததை இனிமேல் கடைய முடியாதாம். செய்தவர்கள் கடையை மூடிப் பல வருஷம் ஆயிற்று.

நான் அவனிடம் கேட்டேன், இதை முன்னாலேயே கண்டுபிடிக்க வழி இல்லையா என்று. சிரித்தான். "ஓட்டின பிளேட எடுத்து உள்பக்கம் பாத்தாப் போதுங்கம்மா. ரெண்டு ஓரமும் பளபளன்னு தேஞ்சிருக்கும், நடுவுல கறுப்பா இருக்கும். பல்லு தீட்டுறவங்க யாரா இருந்தாலும் சொல்லிடுவாங்க" என்றான்.

எனக்கு அது தோன்றவில்லை. நான் பிசினைத் துடைத்துவிட்டுப் பல்லைத்தான் பார்ப்பேன். நான் அடுப்பங்கரையிலிருந்து வந்தவள். நீ? உன்னிடம் துடைக்காத பிளேடு நவம்பரிலிருந்து இருக்கிறது. மத்தியானம் முழுக்கப் பார்த்தேன் என்று எழுதினாய். சக்கரம் எப்போது கடைந்தது என்று கேட்டுவிட்டு, சும்மா கேட்டேன் என்றாய். தெரிந்துகொண்டே எனக்குப் பல் சாய்வும் சோப்புத் தண்ணீரும் எழுதிக்கொண்டிருந்தாயா? ஒருத்தர் உன் கண்முன்னால் ஆற்றில் முழுகிக்கொண்டிருக்கும்போது நீ அவருக்கு எந்தச் செருப்பு நல்லது என்று சொல்லிக்கொண்டிருந்தாய்.

ஆமாம் இல்லை என்று மட்டும் எழுது.

ஹட்சுயே


ஹிதா
1988 ஜனவரி 28

அக்கா,

ஆமாம்.

ஆமாம் என்று மட்டும் எழுதி நிறுத்தினால் நீ என்னைக் கல்நெஞ்சன் என்பாய். எழுதினால் சாக்கு சொல்கிறேன் என்பாய். இரண்டும் சரிதான்.

பிளேடை விரித்துப் போட்ட அன்றே தெரிந்தது. சக்கரம் முடிந்துவிட்டது, சக்கரம் முடிந்தால் அந்த மில்லும் முடிந்தது. இதை யார் வேண்டுமானாலும் உனக்கு எழுதலாம், நான் எழுத முடியாது. நான் யார்? பேர் கிடைக்காமல் வெளியே போன மகன். மில் ஒழிந்தது, மூடிவிடுங்கள் என்று என்னிடமிருந்து ஒரு கடிதம் வந்தால் ஊர் என்ன சொல்லும்? இத்தனை வருஷம் காத்திருந்து வஞ்சம் தீர்த்துக்கொண்டான் என்று சொல்லும். நீ சொல்ல மாட்டாய். ஆனால் ஒரு கணம் நினைப்பாய். அந்த ஒரு கணத்துக்குப் பயந்தேன். அதைவிட வெட்கம் ஒன்று சொல்கிறேன். வெளிச்சத்தில் அந்தக் கறுப்புக் கோட்டைப் பார்த்தபோது எனக்குள் ஏதோ ஒன்று சந்தோஷப்பட்டது. ஒரு மூச்சு நேரம்தான். அதற்குப் பிறகு அதைச் சொல்ல எனக்கு வாயில்லை.

அதனால் பிளேடு அனுப்பினேன். இருக்கிறதிலேயே நல்ல பிளேடு. அது போதாது என்று தெரிந்தே, என்னால் முடிந்த அத்தனை நன்றாகப் பல் பிடித்தேன். அது அவரை இப்படிக் கொண்டுபோய் விடும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மிஷின் என்றைக்காவது நின்றுவிடும், அப்போது எல்லோருக்கும் தானாகத் தெரியும், நான் சொல்ல வேண்டிய அவசியம் இருக்காது என்றுதான் இருந்தேன்.

இதோடு தனித்தாள் ஒன்று வைத்திருக்கிறேன். அத்தானுக்கு. பிளேடின் உள்பக்கம் எப்படித் தேய்ந்திருந்தது என்று படம் போட்டு, எனக்கு எப்போது தெரியும், ஏன் மறைத்தேன் என்பதையும் எழுதியிருக்கிறேன். கடைசியில், இந்தச் சக்கரத்தில் அலை இவ்வளவு குறைவாக வந்ததே உங்கள் கையால்தான், வேறு யார் நின்றிருந்தாலும் முதல் வருஷமே பலகை முறுக்கிக்கொண்டிருக்கும் என்று எழுதினேன். அது பொய் இல்லை அக்கா. சத்தியமான வார்த்தை. அவர் கையில் கொடு.

எய்கிச்சி


கிட்டமி
1988 மார்ச் 6

எய்கிச்சிக்கு,

தாளை அன்றைக்கே கொடுத்தேன். அவர் மண்டியிட்டு உட்கார்ந்து, இரண்டு கையாலும் வாங்கிப் படித்தார். படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "நல்ல மனுஷன் உன் தம்பி" என்றார். நம்பிவிட்டார் என்று நினைத்து நான் சமையலறையில் போய் அழுதேன்.

நம்பவில்லை. மோட்டார் பார்க்க வந்தவனை மறுபடி வரவழைத்துச் சக்கரத்தில் அளவுகோலை வைத்துக் காட்டச் சொன்னேன். மில்லுக்குள் வர மாட்டேன் என்று வாசலிலேயே நின்றுவிட்டார். சரி, கண்ணால் பார்க்கட்டும் என்று பக்கத்து மில் முரோயைக் கூப்பிட்டு அதே பிளேடு, அதே மிஷினில் கணு மரம் ஒன்றை அறுக்கச் சொன்னேன். முரோய் இந்தப் பக்கத்தில் பேர் போன ஆள். அவர் பலகை மொரியோவின் பலகையைவிட மோசமாக வளைந்தது. வெட்கத்தில் முரோய்க்குக் காது சிவந்துபோயிற்று. நான் அந்தப் பலகையைத் தோளில் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். இந்த வயதில் ஓடினேன். அவர் பலகையை வாங்கி ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

"முரோய் சான் வேணும்னே வளைச்சு அறுத்துக் குடுத்திருக்காரு. நீ போய்ச் சொல்லியிருப்பே. எல்லாரும் எனக்காக எவ்வளவு சிரமப்படுறீங்க" என்று எனக்கு நன்றி சொன்னார்.

அப்படிச் செய்யக்கூடிய ஆள்தான் முரோய். அதுதான் கொடுமை. இங்கே யாராக இருந்தாலும் அப்படிச் செய்வார்கள். முதல் அறுப்பு அன்றைக்குப் பலகையைப் பார்க்காதது மாதிரி சாகேயைப் பற்றிப் பேசியவர்கள்தானே எல்லோரும். நானும்தான். வியாபாரி மாதிரிக்கு அனுப்பினார் என்று புளுகியவள்தானே. இனி நான் என்ன சொன்னாலும் ஆறுதல் சொல்கிறேன் என்றுதான் அவர் காதில் விழுகிறது.

போன மாதம் நகராட்சிக்குப் போய், வாங்கிய பேரைத் திருப்பிக் கொடுக்க என்னென்ன தாள் வேண்டும் என்று விசாரித்துவிட்டு வந்தார். தாள் மெதுவாக வரட்டும், நான் முதலில் போகிறேன் என்றார். மொம்பெட்சுவில் அவர் அண்ணன் வீடு இருக்கிறது. ஒனொதேரா என்ற பழைய பேரில் அங்கே சிப்பி உடைக்கும் கொட்டகையில் வேலை. மரத்தைத் தொட வேண்டாத வேலை. நானும் வருகிறேன் என்றேன். நுகாயா வீட்டுப் பெண் ஏன் வர வேண்டும் என்றார். முப்பது வருஷத்துக்குப் பக்கமாகச் சேர்ந்து வாழ்ந்தவளைப் பார்த்து. கோபமாகச் சொல்லவில்லை, அதனால்தான் என்னால் சண்டைகூடப் போட முடியவில்லை. நீ திரும்பி வந்து மில்லை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லச் சொன்னார். சொல்லிவிட்டேன். வராதே. எடுத்துக்கொள்ள இங்கே ஒன்றும் இல்லை. உன்னைப் பார்க்க எனக்கு இன்னும் மனசு வரவில்லை.

நேற்று அவரை ஏற்றிவிட பஸ் நிறுத்தத்துக்குப் போனேன். பனி உருகிச் சேறாகக் கிடந்தது. பஸ் தாமதம். நான் விடவில்லை. அங்கே நின்றுகொண்டும் சொன்னேன். பழுது சக்கரத்தில்தான், எய்கிச்சியே ஒத்துக்கொண்டு எழுதியிருக்கிறான், அந்தத் தாள் உங்கள் பையில்தானே இருக்கிறது, தெரிந்தும் மறைத்தேன் என்று அவன் கையாலேயே எழுதியிருக்கிறானே என்று சொன்னேன். அவர் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். எனக்குத்தான் ஆறுதல் சொல்லப்போகிறவர் மாதிரி என் தோளில் கை வைத்தார். அந்தக் கை துளிக்கூட நடுங்கவில்லை.

"தப்ப அவன் தலையில தூக்கிப் போட்டுக்கறான் ஹட்சுயே. எனக்காக. கொஞ்சம் யோசிச்சுப் பாரு. கோளாறு மிஷின்ல இருந்திருந்தா எய்கிச்சி நவம்பர்லயே சொல்லியிருக்க மாட்டானா? அவனுக்குத் தெரியாதா? அவன் எவ்வளவு கெட்டிக்காரன்."

பஸ் வந்துவிட்டது.

ஹட்சுயே